சொத்தைக் கத்தரிக்காயும் சுப்ரீம் கோர்ட்டும்

போன இதழில் மரபணு திருத்திய நெல்லைப் பற்றி நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் ஒருவர் என்னை விதைக் கம்பெனியின் ஆள் என்கிறார், இன்னொருவர் இயற்கை விவசாயப் பைத்தியம் என்கிறார், இரண்டு பேருக்கும் ஒரே பின்கோடு. அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன். ரேஷன் கார்டு கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, இலவம்பாடிக்குப் பக்கத்துல முக்கால் காணி முள்ளு கத்தரி வச்சிருக்கேன். வாரத்துக்கு ரெண்டு தரம் மருந்து அடிக்கிறேன், அப்பவும் பறிக்கிற மூட்டையில கால் பங்கு சொத்தை. பி.டி. கத்தரி வந்தா மருந்தே வேணாம்னு சொல்றாங்க, பங்களாதேஷ்ல வந்துடுச்சாமே. நமக்கு மட்டும் ஏன் தர மாட்டேன்றாங்க? வேணாம்னு சொல்றவங்க யாராவது ஒரு நாள் வந்து என் டேங்க்கைத் தூக்குவாங்களா?
(அணைக்கட்டு ஒன்றியத்து விவசாயி)

கடைசிக் கேள்வி எனக்குத்தான் என்று புரிகிறது. தூக்கியிருக்கிறேன் ஐயா. பதினாறு லிட்டர் டேங்க், வார் தோளை அறுக்கும், மூடி சரியாக உட்காராமல் முதுகு வழியாக மருந்து வழியும், வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோப்புப் போட்டாலும் சாப்பிடும்போது கையில் அதே வாசனைதான். அப்பா காலத்தில் எங்கள் கொல்லையிலும் கத்தரிதான்.

நீங்கள் அடிப்பது ஏன் பலிக்கவில்லை என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். காயைச் சொத்தையாக்குவது ஓர் அந்துப்பூச்சியின் புழு. அந்த அந்துப்பூச்சி இலையிலும் குருத்திலும் முட்டை வைக்கிறது, பொரிந்த புழு வெளியில் சுற்றிக்கொண்டிருப்பதில்லை, கொஞ்ச நேரத்திலேயே குருத்தைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது. விடியற்காலையில் போய்ப் பாருங்கள், எல்லாச் செடியும் நிமிர்ந்து நிற்க ஒன்றிரண்டு கொழுந்து மட்டும் தலையைத் தொங்கப்போட்டிருக்கும், அதற்குள்தான் ஆள் உட்கார்ந்திருக்கிறான். காய் பிடித்ததும் காய்க்குள் போகிறான், போன ஓட்டையைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்கிறான். மேலே எத்தனை டேங்க் அடித்தாலும் அவன் மேல் படப்போவதில்லை, காயின் தோலில் படும், அதைச் சாப்பிடுகிற நம்மேல் படும்.

வெளியிலிருந்து மருந்து போகவில்லை என்றால் செடிக்குள்ளேயே மருந்து இருந்துவிட்டால் என்ன என்பதுதான் பி.டி.யின் யோசனை. மண்ணில் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது, அது ஒரு புரதத்தைச் செய்கிறது, அந்தப் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் போய் ஒட்டி ஓட்டை போடுகிறது, புழு தின்பதை நிறுத்திச் செத்துப்போகிறது. நம் வயிற்றில் இருப்பது அமிலம், அது ஒட்டிக்கொள்ளத் தேவையான இடமும் நம் குடலில் இல்லை. அந்தப் புரதத்துக்கான மரபணுவை எடுத்துக் கத்தரிக்குள் வைத்தார்கள். மகிகோ என்ற விதைக் கம்பெனி ஆரம்பித்தது, கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் கூடச் சேர்ந்தன. கோவையில் இந்த மரபணுவை ஏற்றியது கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 என்ற நான்கு ரகங்களில். 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு சரி என்றது. அப்புறம் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் கொல்கத்தா, நாக்பூர், ஐதராபாத், பெங்களூர் என்று ஏழு ஊரில் கூட்டம் போட்டுக் கேட்டார். தமிழ்நாட்டில் ஒன்றுகூட நடக்கவில்லை, சாம்பாரில் கத்தரி போடுகிற ஊரைக் கேட்காமல் விட்டது எனக்கு இன்னும் குறைதான். 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி நிறுத்திவைத்தார். அது இன்றுவரை நிற்கிறது.

பங்களாதேஷ் 2013 அக்டோபரில் அனுமதித்தது, 2014-இல் வெறும் 20 விவசாயிகளிடம் நாற்றுக் கொடுத்து ஆரம்பித்தார்கள். அங்கே அது அரசு ஆராய்ச்சி நிலையத்தின் சொத்து, ஹைபிரிட் என்கிற வீரிய ஒட்டு ரகமும் கிடையாது, விவசாயி விதை எடுத்து அடுத்த போகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மருந்துச் செலவு பாதிக்குப் பக்கம் குறைந்தது என்று அங்கே செய்த ஆய்வு சொல்கிறது. இதை எழுதாமல் மறைத்தால் நான் உங்களிடம் நேர்மையாக இருக்கிறேன் என்று சொல்ல முடியாது. முந்தாநாள் சாயங்காலம் அடித்து, நேற்றுக் காலை பறித்து, இன்று வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் பளபளவென்று உட்கார்ந்திருக்கும் காயைவிட பி.டி. கத்தரி மோசம் என்று நெஞ்சில் கை வைத்து என்னால் சொல்ல முடியாது.

பிறகு ஏன் ‘கொண்டு வா’ என்று நான் கத்தவில்லை? உங்கள் முள்ளு கத்தரி அந்த நான்கில் இல்லை. புவிசார் குறியீடு 2023-இல் வாங்கிய காய் உங்களுடையது. வேலூரில் அதற்கென்று கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், முள் குத்தும் என்று தெரிந்தே காம்பைத் திருகிப் பார்க்கிறவர்கள். பக்கத்துக் கழனியில் பி.டி. கத்தரி நின்றால் என்ன ஆகும்? கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கிற பயிர், ஆனாலும் வண்டு வந்து பூவை உலுக்கினால் கொஞ்சம் கலப்பு நடக்கத்தான் செய்யும். அதை ருசி மாறும் என்று பயந்து சொல்லவில்லை, நாளைக்கு நீங்கள் எடுத்து வைக்கிற விதை யாருடையது என்று ஒருவன் வந்து கேட்டால் யார் பதில் சொல்வார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொன்று, பி.டி. அந்த ஒரு புழுவுக்குத்தான். வெள்ளை ஈ, செஞ்சிலந்தி, சிற்றிலை நோயைப் பரப்புகிற தத்துப்பூச்சி எல்லாம் வழக்கம்போல வரும், டேங்க்கைப் பரணில் ஏற்றிவிட முடியாது.

இப்போதைக்கு, தலை தொங்கின கொழுந்தை ஒரு விரல் நீளம் கீழே வைத்துக் கிள்ளி எடுத்து எரித்துவிடுங்கள், வரப்பில் போடாதீர்கள், அங்கிருந்தே எழுந்து வருவான். இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். வேப்பங்கொட்டைச் சாறு ஐந்து சதவீதம். கடையில் கலந்து கொடுக்கிற பைரித்ராய்டு மருந்தை விடுங்கள், அது புழுவைத் தின்கிற நல்ல பூச்சியைத்தான் முதலில் கொல்லும். காய்த்து ஓய்ந்த பழைய செடியை மாதக்கணக்கில் நிற்க விடாதீர்கள், பக்கத்துக்காரரிடமும் சொல்லுங்கள், நீங்கள் மட்டும் சுத்தமாக வைத்துப் பிரயோஜனம் இல்லை. மிச்சத்துக்கு விரிஞ்சிபுரம் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குத் தூரமில்லை.

கேள்வி: மரபணு மாற்றின உணவே நம் நாட்டில் இல்லை என்கிறார்கள். என் தங்கை மகன், அது ஏற்கனவே நம் வீட்டு எண்ணெயில் இருக்கிறது என்கிறான். யார் சொல்வது சரி?
(சத்துவாச்சாரி, இல்லத்தரசி)

தங்கை மகன் பாதிக்கு மேல் சரிதான் அம்மா. இந்தியாவில் சட்டப்படி விளைகிற மரபணு மாற்றுப் பயிர் ஒன்றே ஒன்று, பருத்தி. விளைகிற பருத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பி.டி.தான். பஞ்சு நூற்பாலைக்குப் போகிறது, கொட்டை எங்கே போகிறது? ஆட்டி எண்ணெயாகி மற்ற எண்ணெய்களோடு கலந்து மிக்சர் கடைக்கும் போகிறது, புண்ணாக்காகவும் கொட்டையாகவும் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. உங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவரைக் கேளுங்கள், கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறவைத்து அரைத்து ஊற்றாமல் கெட்டிப் பால் வராது என்பார். அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து கப்பலில் வருகிற சோயா எண்ணெயும் பெரும்பாலும் அப்படிப்பட்ட சோயாவில் எடுத்ததே. கோழித் தீவனத்துக்காக 2021-இல் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்கிக்கொள்ள அரசே அனுமதி கொடுத்தது.

பயப்பட வேண்டாம். சுத்திகரித்த எண்ணெயில் புரதம் தங்குவதில்லை, அந்த பி.டி. புரதம் உங்கள் வாணலி வரை வருவதில்லை. எனக்கு இதில் கோபம் வேறு இடத்தில். கத்தரிக்காய்க்கு ஏழு ஊரில் கூட்டம் போட்டார்கள், எண்ணெய்க்கு யாரும் நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேள்வி: விதையில்லாத் தர்பூசணி, ரெட் லேடி பப்பாளி, பெங்களூர்த் தக்காளி எல்லாம் ஜி.எம்.தானே?
(ராணிப்பேட்டை வாசகர்)

இல்லை, இல்லை, இல்லை. ஜி.எம். என்றால் மரபணு மாற்றியது, இந்த மூன்றும் அதில் சேராது. தர்பூசணியில் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிய செடியைச் சாதாரணச் செடியோடு கலந்து எடுப்பது. ரெட் லேடி தைவானிலிருந்து வந்த வீரிய ஒட்டு. தக்காளியும் வீரிய ஒட்டு. மரபணு மாற்றிய பப்பாளி ஹவாயில் இருக்கிறது, வளையப்புள்ளி வைரஸுக்காகச் செய்தது, நம் ஊரில் இல்லை. இன்னொரு வாசகி, மரபணு இல்லாத காய்கறி வேலூரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். உப்பு வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா, அதில்தான் இருக்காது.

கேள்வி: நீங்கள் அறிவியலுக்கு எதிராக எழுதுகிறீர்கள். உலகம் முழுக்க முப்பது வருடமாகச் சாப்பிடுகிறார்கள், யாரும் சாகவில்லை. பசுமைப் புரட்சியையும் உங்களை மாதிரி ஆட்கள் அன்றைக்கு எதிர்த்திருப்பார்கள். நம் ஆட்கள் எப்போதும் புதுசைக் கண்டால் பயம்.
(காட்பாடி, உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் மாணவி)

பாராட்டுக் கடிதங்களை விட்டுவிட்டு உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு தடவை படித்தேன். சாப்பிட்டால் ஆபத்தா என்ற விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான், இதுவரை அனுமதித்த பயிர்களைத் தின்று மனிதனுக்குக் கெடுதல் வந்ததாக நம்பும்படி ஒன்றும் இல்லை. ஆனால் விவசாயி கேட்கிற கேள்வி அது கிடையாதே.

பசுமைப் புரட்சி என்றீர்கள், நம் வட ஆற்காட்டைவிட நல்ல சாட்சி அதற்குக் கிடையாது. 1973-74-இல் கேம்பிரிட்ஜிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்து இந்த மாவட்டத்துக் கிராமங்களில் உட்கார்ந்து, புது நெல்லால் யார் தேறினார்கள் என்று கணக்கெடுத்தார்கள். அப்போது அவர்களுக்கு அவநம்பிக்கைதான் அதிகம். பத்து வருடம் கழித்து 1983-84-இல் திரும்பவும் கணக்கெடுத்தபோது சின்ன விவசாயியும் கூலிக்காரரும்கூட வருமானத்தில் ஏறியிருந்தார்கள். ஆக, புதுசைக் கண்டால் பயம் என்று எங்களைச் சொல்லாதீர்கள், அந்தப் புது நெல்லான ஐ.ஆர். 8-ஐ ஓடிப்போய் வாங்கி நட்டவர்கள் நாங்கள். ஆனால் அந்த நெல்லுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பம்புசெட் போட்டுக் கிணற்றிலிருந்து வந்தது. கிணற்றை ஆழப்படுத்தி, அதற்குள்ளேயே போர் இறக்கி, எங்கள் கொல்லைக் கிணற்றில் இன்றைக்குக் கல் போட்டால் தண்ணீர்ச் சத்தம் கேட்பதில்லை, தகரம் மாதிரி ஒரு சத்தம் கேட்கும். விதை ஜெயித்தது, கிணறு தோற்றது. இரண்டும் ஒரே கதைதான், முதல் பாதியை மட்டும் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பருத்தியில் நடந்ததும் அதே மாதிரிதான். 2002 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தின வருடமே குஜராத்தில் அனுமதியில்லாத பி.டி. பருத்தி ஆயிரக்கணக்கான ஏக்கரில் நின்றது, கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும். முதல் பத்து வருடம் நன்றாகவே போனது, ஹெக்டேருக்குச் சுமார் 300 கிலோவாக இருந்த பஞ்சு 2013-14-இல் 560-ஐத் தாண்டியது, அமெரிக்கன் காய்ப்புழு அடங்கியது, மருந்து குறைந்தது. நிலத்தில் ஒரு ஓரமாகச் சாதாரணப் பருத்தியையும் நடு, அங்கே புழு பிழைத்துக் கிடக்கட்டும், அப்போதுதான் எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் வராது என்று சொல்லி, 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையைத் தனிப் பொட்டலமாக வைத்தே கொடுத்தார்கள். அதை யார் நட்டார்கள்? இரண்டு ஏக்கர்க்காரன் தன் நிலத்தில் புழுவுக்கு மானியம் விடுவானா? தூக்கிப் போட்டார்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிக்கொண்டது, முதல் வகை பி.டி. குஜராத்தில் வேலை செய்யவில்லை என்று 2010-இல் கம்பெனியே ஒத்துக்கொண்டது, அடுத்த சில வருடத்தில் இரண்டு மரபணு வைத்த வகையும் அதனிடம் தோற்றது. மருந்து திரும்ப ஏறியது. 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் செத்தார்கள்.

இதில் அறிவியல் எங்கே தப்பு? எங்கேயும் தப்பில்லை. பரிசோதனைக் கூடத்தில் சொன்னது எல்லாம் சொன்னபடியே நடந்தது, எதிர்ப்புச் சக்தி வரும் என்று சொன்னதும் சேர்த்து. அந்த 120 கிராம் பொட்டலம்தான் யார் பொறுப்பிலும் இல்லாமல் போனது. நீங்கள் படித்து முடித்து ஒரு நாள் புது விதை ஒன்றைக் கொண்டு வாருங்கள், முதல் ஆளாக நான் வாங்குகிறேன், அந்தச் சின்னப் பொட்டலத்துக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்பேன்.

கேள்வி: மரபணு மாற்றுக் கடுகு வழக்கு என்ன ஆனது? வடக்கே கடுகு போடுகிறார்கள், நாம் தாளிக்க மட்டும் வாங்குகிறோம். இதில் வேலூர்க்காரனுக்கு என்ன?
(வாணியம்பாடி வாசகர்)

வாணியம்பாடியிலிருந்து இந்தக் கேள்வி வந்தது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழு செய்தது டி.எம்.எச். 11 என்கிற கடுகு. கடுகுப் பூ தன்னாலேயே காய்த்துவிடும், அதனால் வீரிய ஒட்டு எடுப்பது கஷ்டம். ஒரு பக்கத்துச் செடியில் ஆண்மையை முடக்க ஒரு மரபணு, அதைத் திரும்பச் சரிசெய்ய இன்னொரு மரபணு, கூடவே ஒரு களைக்கொல்லியைத் தாங்குகிற மரபணு என்று மூன்றை வைத்தார்கள். 2022 அக்டோபரில் அனுமதி வந்தது, உடனே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2024 ஜூலை 23-இல் இரண்டு நீதிபதிகளும் இரண்டு தீர்ப்பு எழுதினார்கள். நீதிபதி நாகரத்னா அனுமதி செல்லாது என்றார், நீதிபதி சஞ்சய் கரோல் செல்லும் என்றார், மரபணு மாற்றுப் பயிர்களுக்கு மத்திய அரசு ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். விஷயம் தலைமை நீதிபதியிடம், பெரிய அமர்வுக்காகப் போனது.

இப்போது வேலூருக்கு வருகிறேன். அனுமதி செல்லாது என்ற தீர்ப்பில் ஒரு கோட்பாடு முக்கியமாக வருகிறது, முன்னெச்சரிக்கைக் கோட்பாடு. ஜெய்ராம் ரமேஷ் கத்தரியை நிறுத்தியபோதும் அதைத்தான் சொன்னார். கெடுதல் வரும் என்று முழுசாக நிரூபணம் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம், திரும்பச் சரிசெய்ய முடியாத சேதம் வரலாம் என்று தெரிந்தாலே தடுக்கலாம், கெடுதல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அதைச் செய்கிறவன் பொறுப்பு என்பது அதன் சாரம். இந்தக் கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சுப்ரீம் கோர்ட் முதன்முதலில் எங்கே சொன்னது தெரியுமா? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-இல், நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பில். உங்கள் ஊர்த் தோல் தொழிற்சாலைத் தண்ணீர் பாலாற்றில் போன வழக்கு அது. தீர்ப்பைப் படித்தால் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பழைய பெயரே இருக்கும், ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். டெல்லியில் கடுகு வழக்கில் வாதாடுகிற வக்கீல் ‘வேலூர் வழக்கு’ என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறார், நமக்குத்தான் தெரிவதில்லை.

ஆனால் பெருமைப்பட்டுக்கொள்வதற்கு முன்னால் ஆற்றுக்குப் போய்ப் பாருங்கள். 1996-இல் தீர்ப்பு வந்தது, அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியிலும் சுப்ரீம் கோர்ட் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, ஆற்றைச் சரிசெய் என்று திரும்ப எழுத வேண்டியிருந்தது. இடையில் எத்தனை கிணறு உப்பானது, எத்தனை பேர் கழனியை விட்டுத் தோல் ஷாப்புக்கே வேலைக்குப் போனார்கள். எனக்கு மரபணு மேல் சந்தேகம் இல்லை, இந்தக் கோப்பு நகர்கிற வேகத்தின் மேல்தான் சந்தேகம். தோல் தண்ணீரைக் குழாயை மூடி நிறுத்தலாம். விதையைப் பரப்பிவிட்டால் எந்தக் குழாயை மூடுவது?

என் சொந்த அனுபவம் ஒன்று. நாலைந்து வருடம் முன்பு ஒரு கடையில் முள்ளு கத்தரி விதை என்று பொட்டலம் வாங்கினேன். நாற்றுவிட்டு, பிடுங்கி நட்டு, இரண்டு மாதம் தண்ணீர் இறைத்து, காய்த்தது பார்த்தால் முள்ளே இல்லாத பச்சை நீளக் காய். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உங்க மண்ணு அப்படி” என்றார். பில் இல்லை என்றதும் பேச்சு முடிந்தது. இருபத்தைந்து ரூபாய் சாதாரண விதைக்கே இதுதான் நிலைமை என்றால், ஐந்து வருடம் கழித்துத் தெரியவரும் ஒரு சேதத்துக்கு எந்தக் கல்லாவில் போய் நிற்பது? அதற்கு ஒரு பதிலைச் சட்டமாக எழுதிக் காட்டட்டும், இழப்பீடு யார், எத்தனை நாளில் என்று. அப்புறம் கத்தரியோ கடுகோ கொண்டு வரட்டும், நான் எதிர்க்கப்போவதில்லை.

கேள்வி: ஆரணியில் அரிசி வியாபாரம். புதிதாக வந்திருக்கும் கமலா நெல் பி.பி.டி.யிலிருந்து செய்தது என்கிறார்கள். அது ஜி.எம். கிடையாது என்று ஒருவர், கிடையாது என்று சொல்வதே ஏமாற்று என்று இன்னொருவர். மில்லில் தினமும் சண்டை.
(ஆரணி வாசகர்)

சண்டை போடுகிற இருவரிடமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2025 மே 4-இல் மத்திய அரசு இரண்டு நெல்லை அறிவித்தது. ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் டி.ஆர்.ஆர். ‘தான்’ 100 (இந்தியில் ‘தான்’ என்றால் நெல்), அதற்குத்தான் கமலா என்று பெயர். டெல்லியின் பூசா டி.எஸ்.டி. 1 இன்னொன்று, அது வறட்சிக்கும் உவருக்கும். கமலா, நம் பி.பி.டி. 5204 என்கிற சம்பா மசூரியிலிருந்து வந்தது. பி.டி.யில் வெளியிலிருந்து ஒரு பாக்டீரியாவின் மரபணுவைக் கொண்டுவந்து வைத்தார்கள். இதில் கிரிஸ்பர் என்ற கருவியால் நெல்லின் சொந்த மரபணுவிலேயே ஒரு இடத்தில் வெட்டித் திருத்துகிறார்கள், வெளி ஆள் மரபணு கடைசிச் செடியில் இருக்கக்கூடாது. தட்டச்சு செய்த கடிதத்தில் ஓர் எழுத்தை மாற்றுகிற மாதிரி. அந்த மாதிரிப் பயிருக்குப் பழைய கடுமையான விதிகள் வேண்டாம் என்று 2022 மார்ச்சிலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகச் சட்டப்படி ஜி.எம். இல்லை.

விளைச்சல் 19 சதவீதம் கூடும், சுமார் 20 நாள் முன்னால் அறுவடைக்கு வரும் என்பது அரசு சொல்வது. ஏரித் தண்ணீரை நம்புகிற நம் பக்கத்துக்கு 20 நாள் என்பது சின்ன விஷயமில்லை, கடைசித் தண்ணீர் கிடைக்காமல் பதராகிப்போன நெல்லை எத்தனை முறை பார்த்திருக்கிறோம். எனக்கு இதன்மேல் கத்தரியைவிட ஆசை அதிகம், அரசு நிறுவனம் செய்தது என்பதாலும்தான். ஆனால் வெட்டுகிற கத்தரிக்கோலான கிரிஸ்பரின் காப்புரிமை வெளிநாட்டில் இருக்கிறது, விதை என் கைக்கு வரும்போது அந்தக் கட்டணம் யார் கணக்கில் ஏறும் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2001-ஆம் வருடப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டப்படி, விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், கம்பெனி பெயர் போடாமல் விற்கவும் செய்யலாம். இந்த உரிமை இருந்தும் 2019-இல் குஜராத்தில் தன் ரக உருளைக்கிழங்கைப் போட்டார்கள் என்று விவசாயிகள் மேல் பெப்சிகோ வழக்குப் போட்டது, எதிர்ப்புக் கிளம்பினதும் வாபஸ் வாங்கியது. அதனால்தான் கேட்டு வைக்கிறேன்.

மில்லுக்கு ஒரு வேண்டுகோள்: கமலா வந்தால் அதைக் கமலா என்றே மூட்டையில் எழுதுங்கள். இப்போதே எது ஆரணிப் பொன்னி, எது எங்கேயோ விளைந்து ஆரணியில் மூட்டை மாற்றினது என்று சாப்பிடுகிறவனுக்குத் தெரியவில்லை.

கேள்வி: மாடியில் தொட்டித் தோட்டம் வைத்திருக்கிறேன். சொந்தமாக முள்ளு கத்தரி விதை எடுப்பது எப்படி? என் அம்மா சாம்பலில் புரட்டி வைப்பார், எனக்குச் சரியாக ஞாபகமில்லை.
(குடியாத்தம், ஓய்வு பெற்ற ஆசிரியை)

அம்மா செய்ததுதான் டீச்சர் சரியான முறை. நன்றாகக் காய்க்கிற, நோயில்லாத செடியாகப் பார்த்து இரண்டு மூன்று காயைப் பறிக்காமல் விடுங்கள், துணி கட்டி அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது குழம்புக்குப் பறித்துவிடுவார்கள். காய் ஊதா நிறம் போய் மஞ்சளாகி, தொட்டால் மெத்தென்று ஆனதும் பறித்து இரண்டு மூன்று நாள் மூலையில் போட்டுவையுங்கள். பிறகு பிளந்து, சதையோடு தண்ணீரில் பிசையுங்கள். மிதக்கிறதைக் கொட்டிவிட்டு அடியில் தங்கின விதையை மட்டும் எடுத்து, சலித்த அடுப்புச் சாம்பலில் புரட்டி, நிழலில் காகிதத்தின் மேல் பரப்பி, கலகலவென்று ஆகும்வரை காயவைத்து, துணி முடிச்சிலோ கண்ணாடிப் புட்டியிலோ போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பக்கத்தில் வேறு ரகக் கத்தரி இருந்தால், பூ விரியும் முன்பே மொட்டின் மேல் மெல்லிய துணிப்பை மாட்டிவிடுங்கள், வண்டு வராது.

எங்கள் வீட்டில் இந்த வருடம் இரண்டு செடியை விதைக்கு விட்டிருந்தோம். ஒன்றில் துணி கட்டியிருந்தது. முள் இருக்கிறதே, ஆடு தொடாது என்று வேலியைச் சரிசெய்யாமல் விட்டது என் தப்பு. எதிர்வீட்டு ஆடு முள், காய், இலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தத் துணியைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது.